கூட்டத்தில் எதிரியும் இருப்பான்

சில ஆட்களைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்து மூடிவைத்திருப்போம். கொஞ்ச நாள் கழித்து வேறு எதையோ படிக்கும்போது அந்த முடிவு செருப்புக்குள் கல் மாதிரி உறுத்த ஆரம்பிக்கும். எனக்கு அப்படி ஓர் ஆள் அமீர் தாக்கி. பிட்காயின் என்ற இணையப் பணத்தின் ஆரம்பகால டெவலப்பர்களில் ஒருவர், லண்டனில் பிறந்தவர், அப்பா ஈரானியர். பிட்காயினில் யார் யாருக்குப் பணம் அனுப்பினார்கள் என்பதை மறைக்க ‘டார்க் வாலெட்’ என்றொரு மென்பொருளைச் செய்தார். 2014 ஜூலையில் ஐஎஸ் பயங்கரவாத அமைப்பின் ஆதரவாளர் ஒருவர், போராளிகளுக்குப் பணம் அனுப்ப இதைப் பயன்படுத்தலாம் என்று சிபாரிசு செய்து எழுதினார். அடுத்த வருடம் அமீர் வடக்கு சிரியாவில் கையில் துப்பாக்கியோடு அதே ஐஎஸ்ஸுக்கு எதிரே நின்றார். இந்தக் கதையை நான் சொன்னவர்களில் பாதிப் பேர் “பைத்தியக்காரன்” என்றார்கள். மீதிப் பேர் சொன்னது: “செய்த பாவத்துக்குப் பரிகாரம் தேடிப் போயிருக்கான்.”

பைத்தியக்காரன் என்பதோடு எனக்குச் சண்டை இல்லை, அது அவரவர் ரசனை. இந்தப் பரிகாரம் என்ற வார்த்தைதான் விடமாட்டேன் என்கிறது. கேட்பதற்குக் கச்சிதமாக இருக்கிறது. கதையை அழகாக முடித்து வைக்கிறது. அதனாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது. அமீர் செய்த வேலை என்ன, அது எப்படி இயங்குகிறது என்று உள்ளே போய்ப் பார்த்தால், அங்கே பரிகாரம் தேடும் அளவுக்குப் பாவம் இருக்கிறதா என்பதே கேள்வியாகிவிடுகிறது.

விதிமுறை எழுதிய அராஜகவாதி

முதலில் ஒன்று. இவரைப் பிட்காயினின் ஓரத்தில் நின்று கூச்சல் போட்டவர் என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. பிட்காயினில் எந்தப் பெரிய மாற்றம் வேண்டுமென்றாலும் அதற்கு ஒரு முன்மொழிவு எழுத வேண்டும், ‘பிப்’ என்பார்கள். அதில் முதல் எண், அதாவது முன்மொழிவுகளை எப்படி எழுதுவது என்று சொல்லும் முன்மொழிவு, 2011இல் வந்தது, அமீர் எழுதியது. பைதான் என்ற நிரல் மொழிக்காரர்கள் வைத்திருந்த நடைமுறையைப் பார்த்து எடுத்துக்கொண்டதுதான். ஆனால் அரசே வேண்டாம் என்கிற ஓர் ஆள், ஒரு கூட்டத்துக்கு முதலில் கொடுத்தது விதிமுறைப் படிவம் என்பது எனக்குப் பிடித்த விஷயம். அராஜகவாதம் என்றால் ஒழுங்கின்மை என்று நினைப்பவர்கள் அந்த ஆவணத்தை ஒருமுறை படிக்கலாம். தலைவர் இல்லாத இடத்தில் நடைமுறை எவ்வளவு தெளிவாக இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அதே வருடம் லிப்பிட்காயின் என்று சி பிளஸ் பிளஸ் நிரல் மொழியில் பிட்காயினை முதலிலிருந்து மறுபடி எழுதத் தொடங்கினார். எல்லோரும் பிட்காயினை உருவாக்கிய சதோஷியின் ஒரே நிரல் மூட்டையை நம்பியிருந்தால், அதைக் கையில் வைத்திருக்கும் நாலு பேர்தான் நிஜத்தில் மைய வங்கி என்பது அவருடைய வாதம். 2010 கடைசியில் விசா, மாஸ்டர்கார்டு, பேபால் மூன்றும், அரசு ரகசியங்களை வெளியிட்ட விக்கிலீக்ஸுக்குக் கதவைச் சாத்தியபோது, விக்கிலீக்ஸ் பிட்காயின் வாங்க வேண்டும் என்று விரும்பிய இளைஞர்களில் அமீரும் உண்டு. சதோஷி பதறிப்போய், இந்தத் திட்டம் இன்னும் குழந்தை, இதன் மேல் அந்தச் சூட்டைக் கொண்டுவராதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். அந்த டிசம்பரிலேயே பொதுவெளியில் எழுதுவதை நிறுத்தியும் விட்டார். விக்கிலீக்ஸ் 2011 ஜூனில் பிட்காயின் வாங்கத் தொடங்கியது. பிட்காயின் அரசியலா, வெறும் தொழில்நுட்பமா என்ற தகராறு அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது. அமீர் எந்தப் பக்கம் என்பதில் ஒருநாளும் குழப்பம் இல்லை.

அவரைப் பூஜை அறையில் வைக்கவும் எனக்கு விருப்பமில்லை. 2012இல் அவர் இருந்த குழு பொறுப்பேற்றிருந்த பிட்காயினிக்கா என்ற பரிமாற்றத் தளத்தில் அடுத்தடுத்துத் திருட்டுகள் நடந்தன. அதில் பெரிய ஒன்றுக்குக் காரணம், வெளியே கசிந்த ஒரு சாவியையே கடவுச்சொல்லாகவும் வைத்திருந்தது. 40,000 பிட்காயின் போனது. பணத்தை இழந்தவர்கள் சான் ஃபிரான்சிஸ்கோவில் வழக்குப் போட்டார்கள். அடுத்தவர் பணத்துக்குக் காவல் நிற்கும் வேலை இந்தக் கூட்டத்துக்கு ஒத்துவரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அதற்கப்புறம் அவர் கைவைத்தது எல்லாம் யாரும் யாருக்கும் காவல் நிற்கத் தேவையில்லாத கருவிகள். தற்செயலா, பாடமா, எனக்குத் தெரியாது.

மொய் நோட்டும் பட்டப்பெயரும்

டார்க் வாலெட் எந்தப் பிரச்சினைக்காக வந்தது என்று இதைப் படிப்பவர்களில் பலருக்குத் தெரியும். பிட்காயின் ரகசியமானது என்பது செய்தித்தாள்கள் கட்டிவிட்ட கதை. அது ஊர் நடுவில் திறந்து வைத்த மொய் நோட்டு. யார் யாருக்கு எவ்வளவு என்று முதல் பக்கத்திலிருந்து வரிசையாக இருக்கும், கிழிக்கவும் முடியாது. ஒரே சலுகை, பெயருக்குப் பதில் பட்டப்பெயர். உங்கள் பட்டப்பெயர் எது என்று ஒரே ஓர் ஆளுக்குத் தெரிந்தால் போதும், பழைய பக்கங்கள் எல்லாம் அவருக்குத் திறந்துகொள்ளும். பிட்காயினில் சம்பளம் வாங்கி அதே முகவரியிலிருந்து காப்பிக் காசு கொடுத்தால், காப்பிக் கடைக்காரருக்கு உங்கள் சம்பளம் தெரிந்துவிடும்.

இதற்கு டார்க் வாலெட் இரண்டு வழிகளைக் கையாண்டது. இரண்டும் அமீரின் கண்டுபிடிப்பு அல்ல. வேறு டெவலப்பர்கள் தாளில் எழுதி வைத்திருந்ததைச் சாதாரண மனிதர் கையில் கொடுக்கப் பார்த்தார். ஒன்று மறைவு முகவரி. நீங்கள் ஒரே ஒரு முகவரியைச் சுவரில் எழுதி ஒட்டலாம். பணம் அனுப்புகிற ஒவ்வொருவரும் அதிலிருந்து கணக்குப் போட்டு ஒரு புது முகவரி உண்டாக்கி அங்கே போடுவார். அந்தப் புது முகவரி உங்களுடையது என்று அனுப்பியவருக்கும் உங்களுக்கும் மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கு அது ஏதோ ஒரு முகவரி. நன்கொடை கேட்கும் ஓர் அமைப்புக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை.

இரண்டாவதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். காயின்ஜாயின். கிரெகரி மேக்ஸ்வெல் 2013 ஆகஸ்டில் முன்வைத்த யோசனை. ஒரு கணக்கைப் பார்த்துவிடுவோம். என்னிடம் 3 காயின் இருக்கிறது, 1 காயின் யாருக்கோ தர வேண்டும். உங்களிடம் 2 இருக்கிறது, நீங்களும் 1 தர வேண்டும். நமக்குள் அறிமுகம் இல்லை. இரண்டையும் ஒரே பரிவர்த்தனையாக எழுதிவிடுகிறோம். உள்ளே போவது 3, 2. வெளியே வருவது 1, 1, 1, 2. அந்த 2, 3 போட்டவனின் மீதி என்று வெளியிலிருந்து பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் மூன்று 1களில் எது என் கடன், எது உங்கள் கடன், எது உங்கள் மீதி? சொல்ல முடியாது. நான் உங்களை நம்பவும் வேண்டாம்: வெளியே வரும் பட்டியலில் எனக்குரியது சரியாக இருந்தால்தான் நான் கையெழுத்துப் போடுவேன், உங்களுக்கும் அப்படியே. இருவரும் கையெழுத்திட்டால் ஒழிய ஒரு காசும் நகராது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நான் பணம் அனுப்பும் நேரத்தில் நீங்களும் அங்கே இருக்க வேண்டும். யாருமே இல்லையென்றால் கலக்க ஆள் இல்லை. இரண்டே பேர் என்றால், உங்கள் பங்கை நீங்கள் கழித்துப் பார்த்தாலே என்னுடையது தெரிந்துவிடும். நூறு பேர் என்றால் மறைவு. ஆயிரம் பேர் என்றால் நல்ல மறைவு. அந்தரங்கம் என்பது என் அலமாரியில் நான் பூட்டி வைத்திருக்கும் என் சொந்தப் பொருள் என்றுதான் நாம் பேசிப் பழகியிருக்கிறோம். இங்கே அது என்னிடம் இல்லவே இல்லை. முகம் தெரியாத மற்றவர்கள் எனக்குத் தருகிறார்கள், நான் அவர்களுக்குத் தருகிறேன். நான் தனியாக எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தும் பிரயோஜனம் கிடையாது.

அப்படிப்பட்ட கூட்டத்தில் யார் யார் இருப்பார்கள்? எல்லோரும்தான். மனைவிக்குத் தெரியாமல் அம்மாவுக்குப் பணம் அனுப்புகிறவர், அரசுக்குப் பிடிக்காத பத்திரிகைக்குச் சந்தா கட்டுகிறவர், வரி ஏய்ப்பவர், போதைப்பொருள் வாங்குபவர், ஐஎஸ்ஸுக்கு நன்கொடை தருபவரும். கெட்டவர்களை மட்டும் வாசலில் நிறுத்தினால் என்ன என்று கேட்கத் தோன்றும். நிறுத்த வேண்டுமென்றால் வாசலில் ஒருவர் உட்கார்ந்து வருகிற ஒவ்வொருவரையும் யார் என்று பார்க்க வேண்டும். அப்புறம் அந்தக் கூட்டத்தில் ஒளிந்து என்ன பயன்? இது வெறும் தத்துவம் இல்லை. வசாபி என்ற பிற்கால வாலெட்டில், அதாவது பிட்காயின் வைத்துக்கொள்ளும் மென்பொருளில், கலக்கும் வேலையை ஒருங்கிணைத்த நிறுவனம், 2022 மார்ச்சில் சில காயின்களைச் சேர்க்க மாட்டோம் என்று வடிகட்ட ஆரம்பித்தது. அந்தரங்கம் விற்கும் கடை, உள்ளே வரும் பணத்தின் பூர்வீகத்தை விசாரித்தது. அதுவும் நீடிக்கவில்லை, 2024 ஜூனில் அந்தச் சேவையையே மூடிவிட்டார்கள்.

2014

அந்த வருடம் அமீர் வாழ்க்கையில் நிறைய நடந்தது. ஏப்ரலில் டொராண்டோவில் ஒரு நிரல் போட்டியில் நண்பர்களோடு சேர்ந்து டார்க் மார்க்கெட் என்று ஒரு மாதிரியைச் செய்து 20,000 டாலர் பரிசு வாங்கினார். முந்தைய அக்டோபரில்தான் போதைப்பொருள் விற்பனை நடந்த சில்க் ரோடு என்ற இணையச் சந்தையை அமெரிக்கப் போலீஸ் மூடியிருந்தது. பூட்டுவதற்கு ஒரு சர்வரே இல்லாத சந்தை என்பது அவர்கள் பதில். அந்த நிரலை வேறொருவர் எடுத்து, ‘ஓப்பன்பஜார்’ என்று சாதுவான பெயர் வைத்து, முதலீட்டாளர்களிடம் பணம் வாங்கி நடத்தினார். 2021 ஜனவரியில் அதன் பின்னால் இருந்த நிறுவனம் கையை விரித்துவிட்டது. டார்க் வாலெட்டின் முதல் சோதனைப் பதிப்பு 2014 மே 1 அன்று வந்தது. தேதி தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன். ஃபோர்ப்ஸ் பத்திரிகை 30 வயதுக்குட்பட்ட சாதனையாளர் பட்டியலில் அவர் பெயரைப் போட்டதும் அந்த வருடம்தான். ஆள் அப்போது லண்டனில், காலியாகக் கிடந்த கட்டடங்களுக்குள் குடியேறி வாழ்பவர்களோடு இருந்தார். அதற்கு முன் பார்சலோனா பக்கத்தில் கலாஃபூ என்ற பழைய நூற்பாலைக் குடியிருப்பில். ஃபோர்ப்ஸ்காரர்கள் விருது கொடுக்க வந்தால் எங்கே உட்காரவைத்திருப்பார்!

ஜூலையில் அந்த ஐஎஸ் ஆதரவுக் கட்டுரை வந்தது. பிட்காயின் நேரடியாகப் பயன்படுத்தினால் தடம் தெரிந்துவிடும், அதற்குத் தீர்வு டார்க் வாலெட் என்று தொழில்நுட்பம் தெரிந்த ஒருவர் எழுதிய கட்டுரை. பயங்கரவாதிகள் உங்கள் மென்பொருளைப் பயன்படுத்துவார்களே என்று அமீரிடம் நேரடியாகக் கேட்டார்கள். அவர் மழுப்பவில்லை. ஆமாம், பயன்படுத்தலாம், யாரெல்லாம் பயன்படுத்தலாம் என்று நான் தேர்ந்தெடுக்கத் தொடங்கினால் அது திறந்த கருவி இல்லை என்ற பொருளில் பதில் சொன்னார். அன்றைக்கு அது குரூரமான பதிலாகத்தான் பலருக்குப் பட்டது. காயின்ஜாயின் கணக்கைத் தெரிந்துகொண்டு மறுபடி படித்தால், அதைவிட நேர்மையான பதில் ஒன்று கிடையாது. எங்கள் கருவியை நல்லவர்கள் மட்டுமே பயன்படுத்துவார்கள் என்று ஒரு நிறுவனம் சொன்னால், அது பொய் சொல்கிறது, இல்லையென்றால் உங்களைக் கண்காணிக்கிறது.

அந்தப் பதிலைச் சொன்னவர் சில மாதங்களில் ரோஜாவாவுக்குப் போனார். சிரியாவின் வடக்கே குர்துகள் கைப்பற்றி நடத்திய பகுதி. 1999இலிருந்து துருக்கிச் சிறையில் இருக்கும் அப்துல்லா ஓஜலான், அமெரிக்க அராஜகவாதி மர்ரே புக்சினின் எழுத்துகளைச் சிறையில் படித்து உருவாக்கிய ஏற்பாடு அங்கே நடைமுறையில் இருந்தது: அரசு இல்லாமல் தெருவுக்குத் தெரு அவைகள், கூட்டுறவுகள், எல்லா மட்டத்திலும் ஆணோடு பெண்ணும் தலைமையில். வருடக்கணக்கில் மடிக்கணினியில் கனவு கண்ட ஒன்றைச் சிலர் ஒய்பிஜி என்ற படையை வைத்துக் காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் ஓர் அராஜகவாதி என்ன செய்வார்? தொழில்நுட்ப உதவி செய்யலாம் என்று நினைத்துத்தான் அமீர் போனார். அவர்கள் அவரைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்றரை மாதம் அங்கே இருந்தார்.

நான் பரிகாரம் என்று ஒத்துக்கொள்ளாதது இந்த இடத்தில்தான். பரிகாரம் என்றால் அந்தப் பதிலை அவர் திரும்ப எடுத்துக்கொண்டார் என்று அர்த்தம். அவர் எடுத்துக்கொள்ளவே இல்லை; பின்னாளில் செய்ததும் அதே வகைக் கருவிதான். நான் பார்க்கிற விதத்தில், அந்தப் பதிலும் அந்தத் துப்பாக்கியும் ஒரே வாதத்தின் இரண்டு பாதிகள். கருவிக்குப் பக்கம் இருக்கக் கூடாது என்றால், செய்தவனுக்குப் பக்கம் இருந்தாக வேண்டும். கூட்டத்துக்குள் எதிரியை விட்டுவிட்டேன், சரி. அவனோடு சண்டை போடுகிற இடம் கூட்டத்துக்கு வெளியே. சிலிக்கான் பள்ளத்தாக்கில் முதல் பாதியைச் சொல்ல ஆயிரம் பேர் உண்டு, எங்கள் தளம் நடுநிலையானது என்று தினமும் சொல்கிறார்கள். இரண்டாம் பாதியைத் தன் உடம்பை வைத்து எழுதியவர் என்று எனக்குத் தெரிந்து இவர்தான்.

இதை ஒரு நண்பரிடம் சொன்னபோது உடனே மடக்கினார்: “அப்போ பூட்டு செய்றவன் எல்லாம் திருடன் பிடிக்கப் போகணுமா?” போக வேண்டாம்தான். எல்லோரும் போனால் உலகம் தாங்காது. நான் சொல்வது அவ்வளவு பெரிதில்லை. ஒருவர் போனார் என்பதை வைத்து, அவர் செய்த பூட்டு தப்பு என்று தீர்ப்பு எழுதாதீர்கள், அவ்வளவுதான்.

உரம்

போர்முனையிலிருந்து திரும்பிய பிறகு அவர் ரோஜாவாவில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்து சிவில் வேலைகள் செய்தார். அவர் கதையில் இந்த இடத்தை என்னைவிட விருப்பமாகப் படித்தவர்கள் இருக்க மாட்டார்கள். பிட்காயினின் முதல் விதிமுறையை எழுதிய ஆள், வடக்கே எல்லையைத் துருக்கி மூடிவைத்திருந்த ஒரு பகுதியில், சொந்த நாணயமோ வங்கியோ இல்லாத ஒரு பகுதியில் இருக்கிறார். கிரிப்டோகரன்சிக்கு இதைவிட நல்ல சோதனைக்களம் கிடைக்குமா? அங்கே அவர் செய்த வேலைகளில் ஒன்று, உள்ளூரிலேயே உரம் தயாரிப்பது. கோதுமை விளையும் ஊர், உரம் வெளியிலிருந்து வர வழியில்லை. சீரான மின்சாரமும் இணையமும் இல்லாத இடத்தில் வாலெட்டை வைத்து என்ன செய்ய? பணத்தை மறைக்கும் முன் பணம் வேண்டும், பணத்துக்கு முன் கோதுமை, கோதுமைக்கு முன் உரம். கிரிப்டோ மாநாடுகளில் வளரும் நாடுகளைக் காப்பாற்றப் போவதாக மேடை ஏறுபவர்கள் இந்த வரிசையை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

2016இல் லண்டன் திரும்பினார். விமான நிலையத்திலேயே போலீஸ் பிடித்தது. பிரிட்டனில் ஓஜலானின் பிகேகே 2001 முதல் தடைசெய்யப்பட்ட இயக்கம்; ஒய்பிஜி அந்தப் பட்டியலில் இல்லை. மேற்கத்திய விமானங்கள் வானிலிருந்து உதவிய படை அது, அதில் தரையில் நின்றவரைப் பயங்கரவாதச் சட்டத்தின் கீழ் விசாரித்தார்கள். கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மாதக்கணக்கில் அம்மா வீட்டில் முடங்கிக் கிடந்தார். அவர் போயிருந்த காலத்தில் டார்க் வாலெட் சோதனைப் பதிப்பைத் தாண்டவே இல்லை. 50,000 டாலருக்கு மேல் பொதுமக்களிடம் திரட்டித் தொடங்கிய வேலை அப்படியே நின்றுபோனது.

அது நின்றதற்கு அவர் போனது மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. அமீர் மீது எனக்கு உள்ள உண்மையான வருத்தமும் இதுதான். டார்க் வாலெட்டில் அவருடைய கூட்டாளி, 3டி அச்சில் துப்பாக்கி செய்து பேர் வாங்கிய அமெரிக்கர் கோடி வில்சன். கறுப்புப் பணத்தை வெள்ளையாக்கும் மென்பொருள்தான் இது என்று அவர் பத்திரிகைக்காரரிடம் சவடால் அடித்தார். அதிகாரத்தைச் சீண்டும் சந்தோஷம் அதில் தெரிகிறது, புரிகிறது. அமெரிக்க ஒழுங்குமுறையாளர்கள் முன் பவ்யமாகக் கைகட்டி நின்ற பிட்காயின் ஃபவுண்டேஷன் என்ற அமைப்புக்காரர்களைப் பார்த்த எரிச்சலும் இருக்கும். ஆனால் கூட்டம்தான் மறைவு என்றால், கூட்டத்துக்கு வர வேண்டியது யார்? அம்மாவுக்குப் பணம் அனுப்புகிறவரும் சந்தா கட்டுகிறவரும்தான். அவர்கள் இந்தச் சவடாலைக் கேட்டு வாசலோடு திரும்பிப் போவார்கள். மிஞ்சுவது உண்மையிலேயே ஒளிய வேண்டியவர்கள் மட்டும். அவர்கள் மட்டுமே இருக்கும் கூட்டத்தில் நிற்பதே ஒரு சாட்சியம்.

சவடால் அடித்தவர்கள் மேல் டார்க் வாலெட்டுக்காக வழக்கு வரவில்லை. பின்னால் வந்தவர்கள் கட்டினார்கள் அந்தக் கடனை. பணத்தின் தடத்தை மறைக்கும் டொர்னேடோ கேஷ் என்ற மென்பொருளை எழுதியவர்களில் ஒருவரான அலெக்சி பெர்ட்செவுக்கு 2024 மே மாதம் நெதர்லாந்து நீதிமன்றம் 64 மாதம் தண்டனை கொடுத்தது. காயின்ஜாயின் செய்த சாமுராய் வாலெட்டின் இரண்டு டெவலப்பர்களை 2024 ஏப்ரலில் கைது செய்தார்கள்; 2025இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஒருவர் ஐந்து வருடம், இன்னொருவர் நாலு வருடம் என்று தண்டனை பெற்றார்கள். சாமுராய்க்காரர்களும் வாயை அடக்கவில்லை, அவர்கள் எழுதிய கிண்டல் வரிகளே நீதிமன்றத்தில் அவர்களுக்கு எதிராக வந்தன.

அமீர் இப்போது டார்க்ஃபை என்ற வேலையில் இருக்கிறார். விவரத்தைக் காட்டாமலே அது சரி என்று நிரூபிக்கும் பூஜ்ய அறிவுச் சான்றுகளை அடித்தளமாக வைத்து, முதலிலிருந்தே எல்லாம் மறைந்திருக்கும் ஒரு சங்கிலி, அதாவது பிட்காயினுடையது போன்ற ஒரு பொதுக் கணக்கேடு. அதில் எனக்கு ஆர்வம் பணத்தைப் பற்றியது இல்லை. ஒரு கூட்டுறவு தன் பொது நிதியை எப்படிச் செலவழிப்பது என்று உறுப்பினர்கள் வாக்களிக்கலாம். யார் எப்படி வாக்களித்தார் என்று தெரியாது, கணக்கு மட்டும் சரி என்று நிரூபணமாகும். ரோஜாவாவின் தெரு அவைகளைப் பார்த்துவிட்டு வந்த ஒருவர் செய்யக்கூடிய பொருள் என்று அதைப் பார்த்தவுடன் தோன்றியது. டார்க் வாலெட் தனிமனிதனை மறைக்கப் பார்த்தது. இது ஓர் அமைப்பை மறைக்கப் பார்க்கிறது. கிராமத்துக் கூட்டுறவு ஒன்று, தொழிற்சங்கத்தின் வேலைநிறுத்த நிதி, நாடு கடத்தப்பட்டவர்களின் பத்திரிகை, இவர்களுக்கெல்லாம் உபயோகப்படக்கூடியது. ஆனால் டார்க் வாலெட், டார்க் மார்க்கெட், டார்க்ஃபை என்று வரிசையாக அதே கறுப்புப் பலகையைத்தான் மாட்டுகிறார். வேலைநிறுத்த நிதிக்குப் பொறுப்பான ஐம்பது வயது பொருளாளர் அதைப் பார்த்துவிட்டு உள்ளே வருவாரா? வரமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். பலகையை மாற்றச் சொன்னால் அமீரும் மாற்றமாட்டார்.